கோமதி பார்த்தாச்சா?

திங்கட்கிழமை காலை, பி.டி.ஐ. பேயில், அதாவது புது வண்டிகளைச் சோதிக்கும் கூடத்தில், உங்கள் முதல் வண்டிக்குப் பக்கத்தில் நீங்கள் நிற்கும்போது, பின்னாலிருந்து யாராவது கட்டாயம் கேட்பார்கள்: “கோமதி பாத்தாச்சா?”

நீங்கள் விழிப்பீர்கள். கோமதி என்று இங்கே யாரும் வேலை செய்யவில்லை. யார் அது என்று கேட்டால் சிரிப்பார்கள். கம்பெனி வைத்த பெயர் என்பார் ஒருவர். பழைய மேலாளரின் மனைவி பெயர் என்று அளந்துவிடுவார் இன்னொருவர். இரண்டும் இல்லை. உண்மை தெரிந்த சிலரில் நானும் ஒருத்தி. இந்த வாரத்தோடு நான் கிளம்புகிறேன். ஓசூரில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டு வேலை. போவதற்கு முன், புதிதாக வருகிறவர்களுக்கு ஏதாவது எழுதிவைக்கச் சொன்னார்கள். பெயின்ட், டயர், பேட்டரி பற்றியெல்லாம் படிவத்திலேயே இருக்கிறது. அதை நீங்களே படித்துக்கொள்வீர்கள். நான் கோமதியைப் பற்றி எழுதுகிறேன்.

நம் வேலையை வெளியாட்களுக்கு விளக்குவது கஷ்டம். நான் கார் கழுவுகிற இடத்தில் சூப்பர்வைசர் என்றுதான் என் அம்மா இன்றுவரை உறவினர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். தொழிற்சாலையிலிருந்து டிரெய்லரில் வந்து இறங்கும் புது வண்டியை, வாங்கியவர் கையில் கொடுப்பதற்கு முன் முழுக்கச் சோதித்து, ‘கொடுக்கலாம்’ என்று கையெழுத்துப் போடுவது நம் வேலை. சோதனை எல்லாம் முந்தின நாளே முடிந்துவிடும். கடைசிக் கையெழுத்து மட்டும் டெலிவரி பேயில், வாங்குகிறவர் முன்னால்.

டெலிவரி பேயில் படிவத்தில் இல்லாத சில விதிகள் உண்டு. எனக்கு எதையும் வரிசைப்படுத்தினால்தான் நிம்மதி, அதனால் சொல்கிறேன். ஒன்று, வாங்குகிறவர் குடும்பத்தின் முன்னால் ‘பிரச்சினை’, ‘கோளாறு’, ‘அடி’ போன்ற சொற்களைச் சொல்லக் கூடாது. இரண்டு, நல்ல நேரம் முடிவதற்குள் சாவி கை மாறிவிட வேண்டும். மூன்று, மாலை போட்ட வண்டியின் பானெட்டைத் திறக்கக் கூடாது. மஞ்சள் குங்குமம் வைத்து, மாலை போட்டு, நான்கு டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்த பிறகு ஒரு வண்டியை ஸ்பேனரோடு நெருங்குகிறவர்களை இந்த ஊர் மன்னிக்காது. இந்த மூன்றையும் நான் மதிக்கிறேன். ஒரே ஒரு நாள் இவற்றோடு மோத வேண்டி வந்தது.

அது மாதக் கடைசி வெள்ளிக்கிழமை. மாதக் கடைசியில் நம் விற்பனைப் பிரிவில் யாருக்கும் எதுவும் காதில் விழாது. வெள்ளிக்கிழமை என்றால் பத்தரை மணிக்கு ராகு காலம். இரண்டும் சேர்ந்த நாளில் டெலிவரி பே எப்படி இருக்கும் என்று சீக்கிரமே நீங்கள் பார்ப்பீர்கள்.

வண்டி வெள்ளை நிறச் சின்ன கார். முந்தின நாள் நானும் இன்னும் இரண்டு பேரும் அதைப் பார்த்து முடித்திருந்தோம். டிரைவர் சீட் முன்னும் பின்னும் நகர்கிறதா, நகர்த்திய இடத்தில் பூட்டிக்கொள்கிறதா என்ற வரிக்கு நேராக டிக் போட்டிருந்தோம். உண்மையாகவே நகர்ந்தது, பூட்டிக்கொண்டது. ஆனால் நான் ஐந்தடி ஆறு அங்குலம். மற்ற இருவரும் என்னைவிட உயரமான ஆண்கள். சீட்டைக் கடைசி வரை முன்னால் இழுத்துப் பார்க்க எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. அவ்வளவு முன்னால் உட்கார்ந்தால் எங்கள் முட்டி டேஷ்போர்டில் இடிக்கும்.

ஒன்பதரை மணிக்கே குடும்பம் வந்துவிட்டது. முதலில் உள்ளே நுழைந்தவர் பாபு. நல்ல உயரம், வெள்ளைச் சட்டை, கையில் இரண்டு போன். கூடவே பாடி ஏரியாவில் மெக்கானிக் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவர். புது வண்டி எடுக்க வருகிறவர்கள் தெரிந்த மெக்கானிக் ஒருவரை அழைத்து வருவது இங்கே வழக்கம். நமக்கு அதில் கோபம் வரக் கூடாது. நாலு கண்ணுக்கு ஆறு கண் நல்லது.

“மாமே, கீழ படுத்துகினு பாரு. புதுசுன்னு சொல்லி நம்ம தலைல எதையாவது கட்டிடப் போறானுங்க” என்றார் பாபு.

“படுக்கறதா? ஏன் நைனா, இத ஊட்லயே சொல்லிருந்தா பழைய சட்டைய மாட்டிகினு வந்திருப்பேன்ல” என்றார் மெக்கானிக். ஆனாலும் போன் வெளிச்சத்தை அடித்துக் குனிந்து பார்த்தார். கதவு இடுக்கு, டயர், பின்பக்கம் எல்லாம் பார்த்துவிட்டு, “நல்லாதான் கீது” என்று சான்றிதழ் கொடுத்தார்.

அதற்குள் பாபு டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து தன் போனை வண்டியோடு இணைத்துப் பாட்டுப் போட்டுவிட்டார். விற்பனைப் பிரிவின் முரளி மாலையைப் போட்டார். எலுமிச்சம்பழங்கள் டயருக்கடியில் போயின. பாபுவின் அண்ணன் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி பூஜைக் கூடையைப் பிடித்தபடி ஓரமாக நின்றார். அவர்தான் கோமதி. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. நாற்பத்தைந்து வயதிருக்கும். என் தோள் உயரம்கூட இல்லை.

வண்டி அவர் பெயரில்தான் பதிவாகியிருந்தது. பெண்கள் பெயரில் வண்டி பதிவாவது நமக்குப் புதிதல்ல, அதனால் அது என் கவனத்தில் பதியவில்லை. என் கண்ணில் பட்டது வேறு. அரக்கு நிறப் பட்டுப்புடவை, தலை நிறைய மல்லிகை, காலில் கேன்வாஸ் ஷூ. வெள்ளை ஷூ, கயிறு கட்டி, இரட்டை முடிச்சுப் போட்டு.

பட்டுப்புடவைக்கு யாரும் கேன்வாஸ் ஷூ போட மாட்டார்கள். செருப்போடு வண்டி ஓட்டக் கூடாது என்று டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுத்ததை அப்படியே கேட்கிற ஒருவர்தான் போடுவார்.

“யார் மேடம் ஓட்டிட்டுப் போகப் போறீங்க?” என்று கேட்டேன்.

“நான்தான் மேடம், வேற யாரு?” என்று பாபு உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

கோமதி கூடையைக் கை மாற்றினார். “எனக்கு லைசென்ஸ் வந்துடுச்சு” என்றார், எங்களுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

பாபுவுக்கு அதுவும் கேட்டுவிட்டது. “அண்ணி பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டாண்ட எல் போர்டு வண்டிய ஓட்டினு வந்துச்சு பாரு, பஸ் டிரைவரே எறங்கி கும்புட்டு வழி வுட்டாரு!”

எல்லோரும் சிரித்தார்கள். கோமதியும் சிரித்தார். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்த கணவர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் என் குரல் வந்த பக்கம் திரும்பி, “எனக்கு சுகர்ல கண்ணு மங்கிடுச்சும்மா. ஓட்டக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஆஸ்பத்திரி, ஆபீஸ், எல்லாத்துக்கும் இனிமே அவதான். அதுக்குத்தான் இந்த வண்டியே” என்றார்.

“அதெல்லாம் சரிண்ணா. உங்க தெருவுல வண்டிய எங்க வுடுவ? எங்க ஊட்ல ஷெட் கீது. அங்கயே நிக்கட்டும். எங்க போணும்னாலும் ஒரு போன் போடு, நான் வந்துடப் போறேன்” என்றார் பாபு.

அவர் கெட்ட மனிதர் இல்லை. அதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அண்ணனுக்கு உதவுவதாகவே அவர் நம்பினார். ஆனால் அன்று அவர் அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு வெளியே போனால் அது அவர் வீட்டு ஷெட்டில்தான் நிற்கும், அதன் பிறகு கோமதி ஒவ்வொரு முறையும் போன் செய்து கேட்க வேண்டியிருக்கும் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரிந்தது. கோமதிக்கு நன்றாகவே தெரிந்தது. ஷூ போட்டுக்கொண்டு வந்தது அதனால்தான்.

நான் பாபுவிடம், “சார், ஓனர் ஒரு தடவை உக்காந்து கண்ணாடி எல்லாம் சரி பண்ணிக்கணும். அதுக்கப்புறம்தான் நான் கையெழுத்துப் போட முடியும்” என்றேன். அப்படி ஒரு விதி அன்று கிடையாது. பாபு மனமில்லாமல் இறங்கினார். பாட்டை மட்டும் நிறுத்தவில்லை.

கோமதி கூடையைக் கணவரிடம் கொடுத்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். ஷூ நுனி பிரேக்கைத் தொடவில்லை. சீட்டுக்கடியில் இருக்கும் கம்பியைத் தூக்கி, சீட்டைக் கடைசி வரை முன்னால் இழுத்துக்கொண்டார். டக் என்று ஒரு சத்தம். கண்ணாடிகளைத் திருப்பினார். பெல்ட் போட்டார். எல்லாவற்றையும் மனப்பாடமாக, வரிசை தவறாமல் செய்தார். எனக்கு அவரை அப்போதே பிடித்துவிட்டது.

“பிரேக்க ஒரு தடவ அழுத்திப் பாருங்க” என்றேன்.

மெதுவாக அழுத்தினார். “போதுமா மேடம்?”

“ரோட்ல திடீர்னு ஒரு மாடு வந்துட்டா எப்படி அழுத்துவீங்க? அப்படி.”

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினார். சீட் அவரையும் சேர்த்துக்கொண்டு சடாரென்று பின்னால் போனது. வெள்ளை ஷூ பிரேக்கிலிருந்து விலகி அந்தரத்தில் நின்றது.

பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

“அய்யோ, நான்தான் சரியா பூட்டல போல” என்றார் கோமதி. முகம் சிவந்துவிட்டது. மறுபடி இழுத்தார், மறுபடி அழுத்தினார், மறுபடி சீட் பின்னால் போனது. “என் மேலதான் தப்பு மேடம். டிரைவிங் ஸ்கூல்லயும் மாஸ்டர் திட்டிக்கிட்டேதான் இருப்பாரு.”

இந்த வேலையில் நான் கேட்ட வாக்கியங்களில் என்னை அதிகம் உலுக்கியது அதுதான். ஓர் இரும்புப் பல் கவ்வவில்லை. அதற்கு ஒரு மனிதர் தன்னைக் குற்றம் சொல்லிக்கொள்கிறார்.

கோமதி இறங்கிக் கூடையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். நான் தரையில் உட்கார்ந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். சீட் இரண்டு தண்டுகளின் மேல் நகர்கிறது. இரண்டு பக்கமும் ஒவ்வொரு கொக்கி பூட்ட வேண்டும். நடுவில் வைத்தால் இரண்டும் பூட்டின. முன்கோடிக்கு இழுத்தால் ஒரு பக்கம் மட்டும் பூட்டியது, அதுவும் நுனியில். அதனால்தான் இரண்டு சத்தம் வர வேண்டிய இடத்தில் ஒன்றுதான் வந்தது. பாபுவுக்கு, எனக்கு, எங்கள் எல்லோருக்கும் அது நல்ல வண்டி. கோமதி ஒருவருக்கு மட்டும், அவசரமாகப் பிரேக் போடும் அந்த ஒரு நொடியில், பிரேக் இல்லாத வண்டி.

“பாத்தியாண்ணா, அண்ணி உக்காந்த ஒடனே வண்டியே பயந்து பின்னாடி போவுது” என்றார் பாபு. இந்த முறை சிரிப்பு அவ்வளவாக எழவில்லை.

மெக்கானிக் குனிந்து பார்த்துவிட்டு, “ஒரு கட்டைய வெச்சு முட்டு குடுத்தா நிக்கும் மச்சான்” என்றார். பிறகு எழுந்து, “வேணாம், வேணாம். புது வண்டி. நான் இதுல கை வெக்க மாட்டேன்பா. அண்ணி கால் வெக்கற எடம்” என்று தானே திருத்திக்கொண்டார்.

முரளி என்னை ஓரமாக அழைத்தார். “மேடம், சத்தமா பேசாதீங்க, மாலை போட்டாச்சு. ஒண்ணு சொல்றேன் கேளுங்க. அவரு ஓட்டிட்டுப் போகட்டும். நடுவுல வெச்சா நல்லாதான பூட்டுது? முதல் சர்வீஸ்ல சீட்ட மாத்திக் குடுத்துடலாம். இன்னிக்கு மாசக் கடைசி. இந்த வண்டிய விட்டா என் கணக்கு உதைக்கும்.”

இந்த இடத்தில்தான் உங்களைக் கொஞ்சம் நிற்கச் சொல்கிறேன். ஏனென்றால் முரளி சொன்னதில் ஒரு பொய்கூட இல்லை. பாபு ஓட்டினால் ஆபத்து இல்லை. நல்ல நேரம் தப்பாது. குடும்பம் மனம் நோகாது. விற்பனைக் கணக்கு சரியாகும். எல்லோருக்கும் பொருந்துகிற தீர்வு. அதில் இடமில்லாத ஒரே ஆள், வண்டியை வாங்கியவர்.

நான் மேலாளரைக் கூப்பிட்டேன். அவர் பெயரை எழுத வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார், அதனால் எழுதவில்லை. வந்தார். ஒன்றும் கேட்காமல் டிரைவர் சீட்டில் ஏறி, சீட்டை முன்கோடிக்கு இழுத்தார். முட்டி இரண்டும் டேஷ்போர்டில் சிக்கிக்கொண்டன. தாடை ஸ்டீயரிங்குக்கு மேல் வந்துவிட்டது. பாபு போனை எடுத்துப் படம் பிடிக்கப் போனார், அண்ணி பார்த்த பார்வையில் திரும்பப் பையில் வைத்துவிட்டார். மேலாளர் பிரேக்கை உதைத்தார். சீட் போனது. மெக்கானிக் கை கொடுக்க, பக்கவாட்டில் நெளிந்து வெளியே வந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“உன் கையெழுத்துமா. நீ என்ன சொல்றியோ அதான்” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

எனக்கு அப்போது அவர் மேல் எப்படிப்பட்ட கோபம் வந்தது என்று எழுதத் தெரியவில்லை. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருக்கவில்லை. ஒரு பக்கம் மாலை போட்ட வண்டி. இன்னொரு பக்கம் முரளி. நடுவில் பூஜைக் கூடை. இப்படிப்பட்ட நேரத்தில் என்ன செய்வது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நான் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன், கேள்விகளை வரிசைப்படுத்தினேன். இந்த வண்டி யார் பெயரில்? கோமதி. யார் ஓட்டுவதற்காக வாங்கியது? கோமதி. கோமதி ஓட்டினால் பாதுகாப்பா? இல்லை. நான்காவது கேள்வியே இல்லை. பாபு ஓட்டலாமா என்பது நான் கையெழுத்துப் போடும் தாளில் எங்கேயும் கேட்கப்படவில்லை.

எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன். “இந்த சீட்ல பிரச்சினை இருக்கு. மேடம் பண்ணின தப்பு இல்ல. அவங்க எல்லாத்தையும் சரியாத்தான் பண்ணினாங்க. அவங்க உக்காந்ததாலதான் தெரிஞ்சுது. புது சீட் வந்து, அவங்க உக்காந்து ஓட்டிப் பாத்த அப்புறம்தான் வண்டிய குடுப்போம்.”

“இன்னாம்மா நீ, மாலை போட்ட வண்டிய வுட்டுட்டுப் போறதா?” பாபு உண்மையாகவே பதறிவிட்டார். “பத்தரைக்கு ராவு காலம் வந்துடும். ஊட்ல ஆரத்தி கரைச்சி வெச்சிகினு நிக்கறாங்க. வெறுங்கையோட போனா நாலு பேரு இன்னா பேசுவாங்க? அண்ணி ஓட்டணும்னு சொல்லிச்சு, வண்டியே வரலன்னுதான் சொல்லுவாங்க.”

அவர் சொன்னது சரிதான். அப்படித்தான் பேசியிருப்பார்கள். நான் எடுத்தது சரியான முடிவு, ஆனால் அதற்கான விலையைக் கோமதிதான் கொடுக்க வேண்டியிருந்தது.

வழியை அவரே கண்டுபிடித்தார். கூடையை நாற்காலியில் வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

“புது வண்டிக்கு ரெண்டு சாவி குடுப்பீங்கல்ல மேடம்?”

“ஆமா.”

“சீட் மாத்தற வேலைக்கு ஒண்ணு போதுமா?”

“போதும்.”

“அப்ப இன்னொண்ண என் கையில குடுங்க. இப்பவே, நல்ல நேரம் முடியறதுக்குள்ள. வண்டி எங்கயும் போயிடாது.”

முரளி என்னைப் பார்த்தார். தடுக்க ஒரு விதியும் எங்கள் இருவருக்கும் நினைவுக்கு வரவில்லை. சாவியை வெள்ளித் தட்டில் வைத்து எடுத்து வந்தார். பழக்க தோஷத்தில் பாபுவின் கை முன்னால் நீண்டது. நான் தட்டைக் கொஞ்சம் கோமதி பக்கம் நகர்த்தினேன், அவ்வளவுதான். கோமதி சாவியை எடுத்துக் கண்ணில் ஒற்றி, கணவர் கையில் வைத்து, அவர் தடவிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்ததும் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார். சூடம் ஏற்றினார்கள். கை தட்டினோம். படம் எடுத்தோம். படத்தில் எல்லோரும் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். பார்க்கிற யாருக்கும் வண்டி நகரவில்லை என்று தெரியாது. டயருக்கடியில் எலுமிச்சம்பழம் நான்கும் முழுசாக இருக்கின்றன, கூர்ந்து பார்த்தால்.

போகும்போது மெக்கானிக், “ஷெட்ட வேணும்னா எனக்கு வாடகைக்கு வுடு நைனா” என்று பாபுவைச் சீண்டிக்கொண்டே போனார்.

அன்று மாலை நான் மேலாளரிடம் போய்க் கேட்டேன், கொஞ்சம் சூடாகவே. என்னை ஏன் அப்படித் தனியாக விட்டுவிட்டுப் போனீர்கள் என்று.

அவர் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: “நான் அங்க நின்னிருந்தா, டெலிவரிய குடுத்துடுன்னுதான் சொல்லியிருப்பேன். மாசக் கடைசி. என் வாய எனக்குத் தெரியும். அதான் போயிட்டேன்.”

அதற்குப் பிறகு அவரிடம் எவ்வளவோ கற்றுக்கொண்டேன். ஆனால் இந்த இடத்தை விட்டுக் கிளம்பும்போது அவருக்கு நன்றி சொல்ல வேண்டுமென்றால் அந்த ஒரு டீக்குத்தான் சொல்வேன். தன்னால் சரியாக முடிவெடுக்க முடியாது என்று தெரிந்த இடத்திலிருந்து விலகிப்போகிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. நாளைக்கு நீங்கள் மேலாளர் ஆவீர்கள். டீக்கடை நம் கேட்டுக்கு எதிரிலேயே இருக்கிறது.

அடுத்த வாரமே கம்பெனியிலிருந்து முழு சீட்டும் புதிதாக வந்தது. மாற்றினோம். இந்த முறை நான் சீட்டை முன்கோடிக்கு இழுத்து, முட்டி இடிக்க உட்கார்ந்து, பிரேக்கை உதைத்து உதைத்துப் பார்த்தேன். என் கூட இருந்தவர்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது. “கோமதி பாத்தாச்சா?” என்று முதன்முதலில் கேட்டது கிண்டலாகத்தான். அடுத்த வண்டிக்கும் நான் அதையே செய்தேன். அதற்கடுத்த வண்டிக்கும். கொஞ்ச நாளில் கிண்டல் செய்தவர்களே முட்டியைத் தேய்த்துக்கொண்டு இறங்கினார்கள். பிறகு அது சீட்டோடு நிற்கவில்லை. பின் சீட்டில் யார் உட்காரப் போகிறார்கள், கதவு அவருக்கு உள்ளேயிருந்து திறக்குமா, பெல்ட் அவர் கழுத்தை அறுக்குமா என்று வண்டிக்குள் வரப்போகிற ஒவ்வொருவராக உட்கார்ந்து பார்ப்பதற்கே அது பெயராகிவிட்டது. உங்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் உண்மையில் கேட்பது இதைத்தான்: உன் உடம்பை வைத்துப் பார்த்தாயா, அவர்கள் உடம்பை வைத்துப் பார்த்தாயா?

கோமதி வண்டியை எடுக்க வந்த நாளில் கணவர் மட்டும்தான் கூட வந்தார். ஆவடியிலிருந்து பஸ்ஸில். சாதாரணப் பருத்திப் புடவை, அதே வெள்ளை ஷூ. கூட்டம் இல்லை, மாலை இல்லை. எலுமிச்சம்பழம் மட்டும் கைப்பையிலிருந்து எடுத்தார். உட்கார்ந்து சீட்டை முன்னால் இழுத்தார். டக், டக். என்னைப் பார்த்தார். “ரெண்டு” என்றார். பிரேக்கை அழுத்தினார். சீட் அசையவில்லை. நான் கையெழுத்துப் போட்டேன்.

அப்போதுதான் சுவரில் இருந்த நாள்காட்டி என் கண்ணில் பட்டது. பழக்கம் விடவில்லை. “மேடம், இப்ப ராகு காலம் ஓடிட்டிருக்கு. கொஞ்ச நேரம் உள்ள உக்காந்துட்டுப் போறீங்களா?” என்றேன்.

“நல்ல நேரத்துலதான் சாவி வாங்கியாச்சேம்மா” என்றார் கோமதி. “அப்புறம் வண்டி எப்ப கிளம்பினா என்ன?”

எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. வண்டி மெதுவாக கேட் வரைக்கும் போனது. வெளியே குமணன்சாவடிச் சாலை. மெட்ரோ வேலைக்காகப் பாதியை மறைத்திருந்தார்கள், மீதிப் பாதியில் லாரிகள். கேட்டில் வண்டி சட்டென்று நின்றது, பின் விளக்கு இரண்டும் சிவப்பாக எரிந்தன. ஓடினேன்.

கண்ணாடி இறங்கியது. கோமதி இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னாச்சு மேடம்?”

“ஒண்ணும் இல்லம்மா. ஒரு தடவ அழுத்திப் பாத்தேன்.”

பக்கத்து சீட்டில் கறுப்புக் கண்ணாடிக்காரர் டேஷ்போர்டைக் கையால் தாங்கிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். “அவ நிக்கறா. சீட்டும் நிக்குது. நான்தான் முன்னாடி போயிட்டேன்” என்றார். “பெல்ட் போடுங்கன்னு அவ அப்பவே சொன்னா.”

அவர் பெல்ட் போடும் வரை கோமதி காத்திருந்தார். பிறகு இண்டிகேட்டரைப் போட்டு, வலப்பக்கம் பார்த்து, மறுபடியும் பார்த்து, ஒரு லாரியைப் போகவிட்டு, சாலையில் இறங்கினார்.